நேரம் குறிக்காத வியாழன்

தமிழ்நாட்டின் மொட்டை மாடிகளிலும் பள்ளி மைதானங்களிலும் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கும் நண்பர்களுக்கு,

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். மற்றவர்களை வாட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் போடும் படங்கள் வழியாகத் தெரியும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஐந்தங்குலத் தொலைநோக்கி வாங்கியவர்கள் நீங்கள். எட்டங்குல டாப்சோனியனைக் காரின் பின்சீட்டில் சாய்த்து வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய், வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சனியின் வளையத்தைக் காட்டுகிறவர்கள். கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளும் தெருக்களில் சூரிய வடிகட்டியோடு நின்று, "பயப்படாம வந்து பாருங்க" என்று அழைத்தவர்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூரிலும் கரூரிலும் திண்டுக்கல்லிலும் வளைய கிரகணம் தெரிந்த காலையில், எத்தனையோ வீடுகளின் கதவு உங்களால்தான் திறந்தது.

அந்த உழைப்பை மதிக்கிறவன் என்பதால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். உங்கள்மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நீங்கள் பார்க்கிறீர்கள், காட்டுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள். எதையும் எழுதி வைப்பதில்லை.

சமீபத்தில் ஒரு குழுவில் வந்த வியாழன் படத்தைச் சொல்கிறேன். அருமையான படம். இரண்டு பட்டைகளும் பிளவு பிளவாகத் தெரிகின்றன. பெரும் சிவப்புப் புள்ளி விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வட்டத்தின் நடுவில், மையால் தொட்டு வைத்ததுபோல் அதன் நிலாவான அயோவின் நிழல். எடுத்தவரின் கைத்திறனுக்கு எத்தனை கட்டைவிரல் உயர்த்தினாலும் தகும். படத்தின் கீழே "நேற்று ராத்திரி எடுத்தது" என்று மட்டும் இருந்தது. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "பத்து, பத்தரை இருக்கும் சார்" என்று பதில் வந்தது.

வியாழன் தன்னைத்தானே சுற்ற எடுத்துக்கொள்வது பத்து மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அரை மணி நேரத்தில் 18 டிகிரி திரும்பிவிடும். பத்தா பத்தரையா என்ற அந்தச் சந்தேகத்துக்குள், சிவப்புப் புள்ளி தன் அகலத்தைவிட அதிகத் தூரம் நகர்ந்துவிடுகிறது. அத்தனை நுணுக்கமாக எடுத்த படம் இருந்தும், "பத்து, பத்தரை" என்ற குறிப்பை மட்டும் வைத்து அந்தப் புள்ளி எந்தத் தீர்க்கரேகையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் நீளம் இருந்த புயல் அது. இன்று அதில் பாதிகூட இல்லை. அது சுருங்குவதை உலகம் அறிந்ததே, சிறு தொலைநோக்கி வைத்திருந்தவர்கள் புள்ளியின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு ஆகிய மூன்றும் வட்டத்தின் மையக்கோட்டைக் கடக்கும் நேரங்களைக் கடிகாரம் பார்த்து எழுதி வைத்ததால்தான். அவர்களிடம் கேமரா கிடையாது. பென்சிலும் கடிகாரமும் இருந்தன.

இதைச் சொன்னால் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "நாங்க ஆர்வத்துக்குப் பார்க்கிறோம் சார். ஆராய்ச்சிக்குத்தான் காவலூர் வானாய்வகம் இருக்கே." இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. பெரிய தொலைநோக்கிகளின் இரவுகள் பல மாதங்களுக்கு முன்பே ஆய்வாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுவிடும். அவற்றில் எதுவும் இரவெல்லாம் வியாழனையே பார்த்துக்கொண்டிருக்காது. வியாழனில் நடப்பதோ யாருடைய அட்டவணைக்கும் காத்திருக்காது.

2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் அந்தோனி வெஸ்லி தன் பதினாலரை அங்குலத் தொலைநோக்கியில் வியாழனின் தென்துருவத்துக்கு அருகே ஒரு கரும்புள்ளியைக் கண்டார். அவர் கணினி நிரல் எழுதிப் பிழைத்தவர், வானியல் பட்டம் பெற்றவர் அல்லர். நிலவின் நிழலாக இருக்குமோ என்று முதலில் சந்தேகம். ஆனால் அந்த நேரத்தில் அங்கே எந்த நிலாவின் நிழலும் விழ வாய்ப்பில்லை. இரண்டு நாள் முன்பு அதே பகுதியைத் தாம் எடுத்த படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. ஏதோ ஒன்று வியாழனில் மோதியிருக்கிறது என்பது அந்த ஒப்பீட்டில்தான் அவருக்கு உறுதியாயிற்று. பிறகுதான் ஹவாயில் இருந்த நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியது. நண்பர்களே, புள்ளியைக் கண்டது பாதி வேலை. முந்தைய படம், தேதியோடும் நேரத்தோடும், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது மீதிப் பாதி. உங்களிடம் அந்த முந்தைய படம் இருக்கிறதா?

அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று, உலக நேரம் 20:31க்கு, வியாழனில் இரண்டு விநாடி மின்னி மறைந்த ஒரு வெளிச்சம் அதே வெஸ்லியின் வீடியோவில் பதிவானது. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் கிறிஸ்டோபர் கோ என்பவரும் அந்த நிமிடம் வியாழனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெஸ்லியின் செய்தியைப் பார்த்ததும் தன் வீடியோவைத் திரும்ப ஓட்டினார். அதே நொடியில் அதே இடத்தில் அதே மின்னல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போனதால்தான் அது கேமராக் கோளாறு அல்ல, மோதல் என்று நிரூபணமாயிற்று. நம் ஊரில் அப்போது விடிகாலை இரண்டு மணி. வியாழன் கிழக்கே எழும்பிச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது.

நம் இடத்தின் மதிப்பை நீங்கள் யோசித்துப் பார்த்ததுண்டா? ஜப்பானிலும் பிலிப்பைன்ஸிலும் பொழுது விடிந்த பின்னும் ஐரோப்பாவில் கோள் எழுவதற்கு முன்னும் வியாழன் நம் தலைக்குமேல் இருக்கும் மணி நேரங்கள் உண்டு. அந்த மணி நேரங்களில் பார்க்கும் கண்கள் குறைவு. இன்னொன்று, நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வான நடுவரைக்குத் தெற்கே இருபது டிகிரியில் நிற்கும் ஒரு கோள் லண்டன்காரருக்கு அடிவானத்திலிருந்து 18 டிகிரி உயரம்தான் ஏறும். அத்தனை காற்றும் புகையும் ஊடே அது கொதிநீரில் கிடப்பதுபோல் நடுங்கும். மதுரையில் அதே கோள் 60 டிகிரிக்கு ஏறி நிற்கும். தெருவிளக்கைக் காரணம் சொல்கிறீர்கள். எல்.இ.டி. விளக்குகள் நம்மிடமிருந்து பால்வீதியைப் பறித்துவிட்டன, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் வியாழனையும் சனியையும் எந்த விளக்கும் பறிக்கவில்லை. தியாகராய நகரின் நடுவிலிருந்துகூட அயோவின் கிரகணத்தை நேரம் குறிக்கலாம்.

இப்போது சொல்லப்போவதை எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. நம்மில் ஒருவர், தென்மாவட்டத்துக்காரர், பெயர் சொல்ல வேண்டாம், சில ஆண்டுகளுக்கு முன் மறைந்தார். வெப்கேமை ஐபீஸ் இருக்கும் இடத்தில் பொருத்திக் கோள்களைப் படம் எடுக்க இங்கே ஆரம்பித்த முதல் சிலரில் ஒருவர். காரியம் முடிந்த பின் அவர் மகன் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "அப்பா உயிரை விட்டு எடுத்ததெல்லாம் இதுல இருக்கு. யாருக்காவது பயன்படுமா பாருங்க" என்றார். திறந்தால் கோப்புறை கோப்புறையாகப் படங்கள். 'சனி நல்லது', 'சனி புதுசு', 'சனி கடைசி' என்று பெயர்கள். வீடியோக்களை அடுக்கிச் செயலாக்கிய பிறகு மிஞ்சும் படக்கோப்பில் எடுத்த நேரம் தங்காது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது கோப்புகளின் தேதிகளும் மாறிப்போயிருந்தன. எல்லாப் படமும் ஒரே நாளில் எடுத்ததாகக் காட்டியது.

அவற்றுக்கிடையே ஒரு படம். சனியின் வடபாதியில் வாலில்லாத ஒரு சிறு வெள்ளைப் புள்ளி. 2010 டிசம்பர் 5 அன்று சனியில் ஒரு மாபெரும் புயல் வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். காசினி விண்கலம் அதன் மின்னல்களைக் கேட்டது. அமெச்சூர்கள் சில நாட்களுக்குள் அதைப் படம் பிடித்தார்கள். அடுத்த சில வாரங்களில் அது வால் நீண்டு கோளையே சுற்றி வளைத்துக்கொண்டது. அப்படியானால் வாலில்லாத அந்தப் புள்ளி புயலின் முதல் நாட்களைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கார்த்திகை விடியற்காலையில், மழை விட்ட ஏதோ ஒரு இடைவெளியில், அந்த மனிதர் மாடியில் நின்றிருக்கிறார். உலகத்தில் அதை அந்த நிலையில் பதிவு செய்த சிலரில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம். எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்ப முடியவில்லை. அவர் மகனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நான் நின்ற அந்த நிலை உங்கள் பிள்ளைகளின் முன்னால் வேறு யாருக்கும் வரக்கூடாது. இந்த மடலை நான் எழுதுவதற்கு அதுவே முதல் காரணம்.

எழுதி வைத்தது எவ்வளவு காலம் கழித்துப் பேசும் என்பதற்குக் கலிலியோவின் குறிப்பேட்டைவிட வேறு சாட்சி வேண்டாம். 1610 ஜனவரி 7 அன்று வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று 'நட்சத்திரங்களை' வரைந்தார். மறுநாள் அவை இடம் மாறியிருந்தன. 9ஆம் தேதி வானம் மூடியிருந்தது. அதையும் எழுதினார்! மேகம் என்று எழுதுவதும் பதிவுதான் என்பதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாண்டு கழித்து, 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும் அவர் வரைந்த வியாழன் படங்களில் ஓரமாக ஒரு நட்சத்திரம் குறிக்கப்பட்டிருக்கிறது. அது நட்சத்திரமல்ல, நெப்டியூன். முறையாக 1846இல் கண்டுபிடிக்கப்பட்ட கோளை, என்னவென்று தெரியாமலேயே அவர் குறித்து வைத்திருந்தார். 1980இல் சார்ல்ஸ் கோவலும் ஸ்டில்மன் டிரேக்கும் அந்தப் பக்கங்களைப் புரட்டி இதைக் கண்டறிந்தார்கள். கலிலியோவுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கத் தேவையில்லை. எங்கே, எப்போது என்று எழுதியிருந்தார், அது போதுமானதாக இருந்தது.

நம் மண்ணிலேயே இதற்கு நேர்ச் சாட்சி உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கிய நட்சத்திரத்தை மறைக்கப்போவதைப் பார்க்க ஜவ்வாது மலையில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி ஒருமுறை சட்டென்று விழுந்து எழுந்தது. யுரேனஸுக்கு அறியப்படாத ஒரு துணைக்கோள் இருக்கலாம் என்றே அவர்கள் முதலில் கருதினார்கள். விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவின் பதிவுகளோடு சேர்த்து வைத்தபோது அது யுரேனஸின் வளையம் என்று ஆயிற்று. விளக்கம் மாறியது. காவலூரின் பதிவு மாறவில்லை, ஒரு விநாடிகூட. அதனால் "நான் பார்த்தது சரிதானா தெரியலை, எதுக்கு எழுதணும்" என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: என்னவென்று முடிவு செய்வது பிறகு நடக்கும், எவராலும் நடக்கும். எப்போது என்பதை அந்த இரவில் நீங்கள் மட்டுமே எழுத முடியும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். 1904 முதல் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் நெடுங்காலம் பயன்பட்ட கருவியின் லென்ஸ் ஆறங்குலம். உங்களில் சிலரிடம் அதைவிடப் பெரியது இருக்கிறது. சூரியப்புள்ளிகளின் நூறாண்டு வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்று அந்தக் கண்ணாடித் தகடுகளைத் தேடி வருகிறார்கள். கருவியின் அளவுக்காக யாரும் வருவதில்லை. நாள் தவறாமல், தேதி தவறாமல் எடுத்ததற்காக வருகிறார்கள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், 1792இல் நிறுத்தப்பட்ட கருங்கல் தூண் ஒன்று உண்டு. பழைய மதராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண் அது. தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கும். நேரமிருந்தால் அனுமதி பெற்று ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே 1861இல் நார்மன் பொக்சன் கண்ட சிறுகோளுக்கு ஆசியா என்றே பெயர். நட்சத்திரம் நட்சத்திரமாகக் குறித்து வைத்த வரைபடம் இல்லாவிட்டால் சிறுகோளைப் பிரித்தறிய வழியில்லாத காலம் அது. அவருடைய முதல் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடினார். அந்த வாதம் இன்னும் தீரவில்லை. 2023இல் சனிப்பெயர்ச்சி என்றைக்கு என்று திருக்கணிதத்தைக் கேட்டால் ஜனவரி 17 என்றது, வாக்கியம் டிசம்பர் 20 என்றது. ராசியின் எல்லை எங்கே என்ற கணக்கில் நான் நுழையவில்லை. ஆனால் சனி எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று மாடியிலிருந்து வாரம் ஒருமுறை வரைந்து வைக்க நம் ஊரில் எத்தனை பேர் இருந்தோம்? கேட்கிறவர்களுக்குக் கையால் வரைந்த ஒரு வருடப் படத்தை எடுத்து நீட்ட நம்மில் எத்தனை பேரால் முடிந்தது?

செயற்கைக்கோள்கள் பக்கம் வருகிறேன். இங்கே உங்கள் அலட்சியம் இன்னும் அதிகம். 2019 மே மாதம் முதல் ஸ்டார்லிங்க் கூட்டங்கள் ஏவப்படுகின்றன. ரயில் பெட்டிகள்போல விளக்குகள் வரிசையாகப் போகும்போதெல்லாம் ஊரில் வதந்தி கிளம்புகிறது. அப்போது மக்கள் உங்களிடம்தான் கேட்கிறார்கள். அவர்கள் காட்டும் வீடியோவில் நேரமும் திசையும் தெரிந்தால், எந்த ஏவுதலில் போன கூட்டம் என்று சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். ஆனால் நம் ஆட்களே "ஏழரை மணி வாக்கில், வடக்குப் பக்கம்" என்று எழுதுகிறார்கள்.

பன்னாட்டு விண்வெளி நிலையம் போகும் நேரத்தைச் செயலியில் பார்த்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கை காட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறீர்கள். அதைக்கொண்டு பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றைச் செய்யலாம். மதுரையில் ஒருவரும் திருநெல்வேலியில் ஒருவரும் ஒரே நொடியில் அது எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்று குறிக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மதுரைக்காரருக்கு உச்சியில் தெரிந்தால், நெல்லைக்காரருக்கு மதுரைக்காரர் குறித்த நட்சத்திரத்திலிருந்து ஏறக்குறைய 18 டிகிரி விலகித் தெரியும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் பத்து டிகிரி என்பதால் இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவு. 140ஐ அந்தக் கோணத்தின் டேஞ்சன்ட்டால் வகுத்தால் 400 கிலோமீட்டருக்கு மேல் ஒரு விடை கிடைக்கும். நிலையத்தின் உயரத்தை இணையத்தில் படிப்பதும், இரண்டு ஊர்ப் பிள்ளைகள் தாங்களே அளப்பதும் ஒன்றாகுமா? இதற்குத் தொலைநோக்கிகூட வேண்டாம். நொடி சரியாகக் காட்டும் கடிகாரம் இரண்டு வேண்டும்.

உங்களில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரின் பள்ளியில் ஜெஃப்ரி பெரி என்ற இயற்பியல் ஆசிரியர் தம் மாணவர்களோடு சாதாரண வானொலிக் கருவியில் சோவியத் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கேட்டு, எந்த நேரத்தில் கேட்டது என்று தவறாமல் எழுதி வைத்தார். ஒரு காஸ்மாஸ் செயற்கைக்கோளின் பாதை மற்றவற்றோடு பொருந்தவில்லை. கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தபோது, சோவியத் நாடு வெளியே சொல்லாமல் வைத்திருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆண்டு 1966. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நேரக்குறிப்புகள் செய்த வேலை அது. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் பூட்டிக் கிடக்கும் தொலைநோக்கியை எடுத்து வெளியே வைத்து, அதன் பக்கத்தில் ஒரு நோட்டையும் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுதுவது எப்படி என்று கேட்பீர்கள். கடினமே இல்லை. நாற்பது பக்க நோட்டு போதும். நேரத்தை உலக நேரத்தில் எழுதப் பழகுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் அது. கவனம் வேண்டியது தேதியில். நள்ளிரவுக்குப் பின் விடிகாலை ஐந்தரைவரை நாம் பார்ப்பதெல்லாம் உலக நேரத்தில் முந்தைய தேதி. கருவியின் விட்டம், உருப்பெருக்கம், ஊர், அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது, அதாவது பிம்பம் அசையாமல் நின்றதா துடித்ததா, இவ்வளவும் ஒரு வரியில் அடங்கும். அதன் கீழே ஒரு படம். நன்றாக வரைய வராது என்று விலகாதீர்கள். வியாழனின் நான்கு நிலாக்களும் நான்கு புள்ளிகள். புள்ளி வைக்கத் தெரியாதவர் யாரும் இல்லை.

அயோ கிரகணத்திலிருந்து வெளிவருவதை ஒருமுறை நேரம் குறித்துப் பாருங்கள், பிறகு நான் சொல்ல வேண்டியதே இருக்காது. வியாழன் சூரியனுக்கு எதிர்நிலையைத் தாண்டிய மாதங்களில் மாலை வானத்திலேயே இது கிடைக்கும். பஞ்சாங்கம்போல் முன்கூட்டியே நேரம் போட்டிருப்பார்கள். ஐந்து நிமிடம் முன்பே கண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வியாழனின் கிழக்கு விளிம்பை விட்டுச் சற்றுத் தள்ளி, ஒன்றுமே இல்லாத இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் செல்பேசியில் குரல்பதிவு ஓடட்டும், மணியைச் சொல்லி ஆரம்பியுங்கள். முதலில் இருக்கிறதா இல்லையா என்று நிச்சயமில்லாத ஒரு பொட்டு. கண்ணைக் கொஞ்சம் விலக்கினால் தெரியும், நேராகப் பார்த்தால் போய்விடும். அது நிலைத்த நொடியில் "இப்போ" என்று சொல்லுங்கள். பிறகு மூன்று நான்கு நிமிடத்தில் முழு ஒளிக்கு வந்துவிடும். மூன்றங்குலம் வைத்திருப்பவருக்கும் எட்டங்குலம் வைத்திருப்பவருக்கும் அந்த "இப்போ" பல விநாடிகள் வேறுபடும். விட்டத்தை எழுதச் சொல்வது அதனால்தான். இந்த நேரக்குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் அடுக்கிப் பார்த்துத்தான் ஓலே ரோமர், 1676 நவம்பரில் வரப்போகும் அயோ கிரகணம் பத்து நிமிடம் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொன்னார். ஒளி பயணம் செய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதற்கு மனிதர் கண்ட முதல் ஆதாரம் அது.

இன்றும் இத்தகைய பழைய பதிவுகளுக்கு மதிப்பு இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2009இல் வாலெரி லைனேயும் சக ஆய்வாளர்களும் 1891 முதல் 2007 வரை சேர்ந்த பதிவுகளை வைத்து, அயோவின் பாதை மெல்ல உள்நோக்கிச் சுருங்குவதைக் காட்டினார்கள். அயோவை உள்ளுக்குள் உருக்கி எரிமலைகளாகக் கக்க வைக்கும் அலைவிசையை அளக்க அதுவே வழியாயிற்று. நூறாண்டுக்கு முன் அந்தப் பதிவுகளை எழுதியவர்களுக்கு அயோவில் எரிமலை இருப்பதே தெரியாது.

ஆகையால் என் வேண்டுகோள் இதுதான். ஏறக்குறைய ஆறாண்டுக்கு ஒருமுறை வியாழனின் நிலாக்கள் ஒன்றையொன்று மறைக்கும், ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழும். 2021இல் வந்த அந்தப் பருவம் 2026-27இல் மறுபடியும் வருகிறது. 2027 பிப்ரவரியில் வியாழன் எதிர்நிலையில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நம் வானம் தெளிந்திருக்கும் மாதங்கள் அவை. இரண்டு நிலாக்கள் நெருங்கி ஒன்றாகி, ஒளி குறைந்து, மீண்டும் பிரியும் அந்தச் சில நிமிடங்களை நொடிக்கணக்கோடு பதிவு செய்ய வேண்டும். பாரிஸில் உள்ள ஆய்வாளர்கள் ஒவ்வொரு முறையும் உலகெங்கிலுமிருந்து இவற்றைத் திரட்டுகிறார்கள். 1890இல் தொடங்கிய பிரிட்டிஷ் வானியல் சங்கமும் 1947இல் தொடங்கிய அமெரிக்கக் கோள் நோக்கர் சங்கமும் அமெச்சூர் பதிவுகளை வாங்கி வைத்துக்கொள்கின்றன. நம் பெயரில் எத்தனை வரி போயிருக்கிறது என்ற கேள்வியோடு அந்தப் பருவத்துக்குள் நாம் நுழைய வேண்டும்.

அதற்கு இன்றிலிருந்து பழகுங்கள். ஆளுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சிவப்புப் புள்ளி, ஒருவர் சனியின் நிலா டைட்டன், ஒருவர் அயோவின் கிரகணங்கள், ஒருவர் விண்வெளி நிலையம். பழைய படங்களில் நேரம் நினைவிருப்பவற்றுக்கு இன்றைக்கே எழுதுங்கள். நினைவில்லாதவற்றுக்கு 'நேரம் தெரியாது' என்று எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கட்டும். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். குழுவில் படம் போடும்போது நேரம் இல்லாவிட்டால், பாராட்டுவதற்கு முன் கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த முறை நாம் கூடும்போது தொலைநோக்கிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு முந்தைய மாதம் வந்த அயோ கிரகணம் ஒன்றை எத்தனை பேர் குறித்திருக்கிறோம், யாருடைய நேரம் யாரிடமிருந்து எத்தனை விநாடி தள்ளியிருக்கிறது, ஏன் தள்ளியிருக்கிறது என்று ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். இடமும் சாப்பாடும் என் பொறுப்பு.

அன்புடன்,
உங்களோடு வானம் பார்க்கும் ஒருவன்